இறங்கி நடக்கும் இடம்

ஜூன் 12, திங்கள்

காலை ஏழு இருபதுக்கு நம் வாசலுக்கு எதிரே விபத்து. காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பிரேக் பிடித்த சத்தம், பிறகு தூக்குச்சட்டி உருளும் சத்தம். போய்ப் பார்த்தால், இருபத்திரண்டாம் எண் டாக்டர் வீட்டில் சமைக்கும் பேச்சித்தாய் தாரில் கிடந்தாள். வலது கால் இருக்கக்கூடாத திசையில் இருந்தது. இடித்தது காய்கறி ஏற்றிய குட்டியானை வண்டி. ஓட்டியவன் ஓடிப்போகவில்லை, தலையில் கைவைத்து அழுதுகொண்டு நின்றான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான், வரும்வரை அவள் முகத்துக்குக் குடை பிடித்ததும் நான்தான்.

எதிர்வீட்டு வக்கீல் திரவியம் வாயில் பிரஷ்ஷோடு வந்தார். "பைபாஸ் போட்டாலும் போட்டான், நம்ம தெரு ரேஸ் மைதானம் ஆயிட்டு அம்மா" என்றார். உண்மைதான். சிக்னலில் நிற்கச் சோம்பல்படும் வண்டியெல்லாம் நம் அந்தோணியார் நகருக்குள் புகுந்துதான் குறுக்கே போகிறது. ஆனால் நடக்கிறவர்களுக்கும் ஒரு நிதானம் வேண்டும். ஓரமாகப் போகாமல் தாரில் ஏன் நடக்க வேண்டும்?

வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை. குரோட்டன்ஸில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

ஜூன் 13, செவ்வாய்

பேச்சித்தாய்க்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைக்கிறார்களாம்.

கண் சொட்டுமருந்து தீர்ந்துவிட்டது.

ஜூன் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் குடியிருப்போர் சங்கக் கூட்டம், நம் கூடத்தில். திரவியம் தலைவர், நான் செயலாளர். பதினேழாம் எண் மரியதங்கம் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதம். வடக்கு வரிசையில் நடைமேடை வேண்டும், இரண்டு இடத்தில் வேகத்தடை வேண்டும் என்று தீர்மானம். மனு எழுதும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? சென்ற முறை திரவியம் எழுதிய மனுவில் ஒரே பத்தியில் ஏழு பிழை.

டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார்: வேலைக்கு வருகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அவர்களிடமும் கையெழுத்து வாங்கலாமே என்று. சங்க விதி நான்கின்படி வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர் என்று எடுத்துக் காட்டினேன். விதி என்றால் விதி.

மனுவை மூன்று முறை பிரதி எடுத்தேன். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம் விட்டு, கோடு போட்டு. பள்ளிக்கூடத்து போர்டிங்கில் மதர் கான்செப்டா ஓரம் விடாத தாளைப் படிக்காமலே கிழிப்பார். "ஓரம் என்பது உனக்கல்ல, படிக்கிறவருக்கு" என்பார். நான் ஒருநாளும் கிழிபட்டதில்லை.

ஜூன் 27, செவ்வாய்

மாநகராட்சி அலுவலகம். உதவிப் பொறியாளர் ஒரு பெண், பெயர் மைமூன். முப்பது வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள்; அந்த மரியாதை இருந்தது. மனுவை முழுவதும் படித்தாள்.

"ரொம்ப அழகா எழுதிருக்கீங்க அம்மா. முப்பத்தோரு கையெழுத்து. இதுல நடக்குறவங்க எத்தனை பேர்?"

"எல்லோரும் அங்கே வசிப்பவர்கள்" என்றேன்.

"அது சரிம்மா. முப்பத்தோரு வீட்லயும் வண்டி இருக்கும்லா? எங்க சார் அதத்தான் கேப்பார். ஒரு வாரம் எத்தனை பேர் நடந்து போறாங்கன்னு ஒரு கணக்கு இருந்தா, நான் அதை வச்சே மதிப்பீடு போட்டு அனுப்பிருவேன். ஆள் அனுப்ப எங்ககிட்ட ஆள் இல்ல."

நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில், கடைசி எட்டு வருடம் தலைமை அஞ்சலக அதிகாரியாக இருந்தவளுக்குத் தலை எண்ணத் தெரியாதா?

ஜூலை 3, திங்கள்

எண்ணிக்கை தொடங்கினேன். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறு. போர்ட்டிகோவில் நாற்காலி. என் கணவருடைய செடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நான் தெருவில் தெரியமாட்டேன். தெரு எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆண், பெண், பிள்ளைகள், ஊன்றுகோல் என்று நான்கு கட்டம்.

முதல் நாள் 148. இத்தனை பேர் நம் தெருவில் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 4, செவ்வாய்

155. ஒரு விஷயம் கவனித்தேன். மரியதங்கம் வீட்டு முன் ஓரத்து மண்ணிலேயே வருகிறார்கள். காரேற்றும் சரிவுப் பலகைக்கல்லில் ஏறி இறங்குகிறார்கள், ஆனால் ஓரத்தை விடுவதில்லை. நம் வீட்டு முன் வந்ததும் தாருக்கு இறங்குகிறார்கள். விளக்குக் கம்பம் இடைஞ்சலாக இருக்கலாம். அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

ஜூலை 5, புதன்

163. எல்லோரும் நம் வீட்டு முன் இறங்குகிறார்கள்.

ஜூலை 6, வியாழன்

விளக்குக் கம்பம் அடுத்த வீட்டு எல்லையில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

ஜூலை 7, வெள்ளி

ஆனிக் காற்று, கண்ணெல்லாம் மண். மேல்தொட்டி கழுவ ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை.

காலை ஏழேகாலுக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் வேலியை ஒட்டிப் போனார்கள். இவர்களுக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"ஏட்டி, அந்தால எறங்கிக்கோ. போஸ்டம்மா வேலி வந்துட்டு."

"தெரியும்க்கா. பேச்சி விழுந்த எடம்லா. பின்னால வண்டி வருதா பாரு."

"ஒரு எலை முறிஞ்சாப் போதும், உள்ள இருந்து வந்துரும் சத்தம். கவருமெண்டு ரோட்டுல இவுகளுக்குப் பூந்தோட்டம்."

"பைய பேசு. உள்ளதான் இருக்கும்."

இதை எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியதை நான் அடிப்பதில்லை.

151.

ஜூலை 14, வெள்ளி

மைமூனும் ஒரு நில அளவையரும் வந்தார்கள். கையில் பழைய வரைபடம், நாடா. வடக்கு வரிசை முழுவதும் அளந்தார்கள். பதினோரு வீட்டில் ஏதாவது ஒன்று ரோட்டு இடத்தில் இருக்கிறது: படி, சரிவு, கழிவுநீர்த் தொட்டி மூடி. எல்லாம் ஓரடி, இரண்டடி. நம் வீட்டு மதிலுக்கு வெளியே உள்ள வேலி ஐந்தடி. நாற்பத்திரண்டு அடி நீளத்துக்கு.

அளவையர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். தெருவில் எட்டு பேராவது நின்றார்கள்.

"நடைமேடைக்கு ஆறடி தொடர்ச்சியா கிடைச்சாத்தான் மேல போகும் அம்மா" என்றாள் மைமூன். "பதினோரு வீட்டு சம்மதக் கடிதமும் ஆகஸ்ட் பத்துக்குள்ள வேணும். இல்லன்னா இந்த வருஷம் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வேலி யார் வச்சது?"

"என் கணவர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் நினைவாக வைத்திருக்கிறேன்."

 அவள் நாடாவைச் சுருட்டினாள். திரவியம் உடனே முன்னால் வந்து, "அம்மா வீட்டு முன்னாடி மட்டும் விட்டுட்டு, ரெண்டு பக்கமும் போட்டுறலாமே? நாப்பது அடிதானே, ஜனங்க எறங்கி ஏறிக்கிடுவாங்க" என்றார். "கேட்டுப் பாக்கேன். உறுதி சொல்ல முடியாது" என்றாள்.

திரவியம் நல்ல மனிதர். பிரச்சினை தீர்ந்த மாதிரிதான்.  

ஜூலை 15, சனி

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போகவில்லை. கால்வலி.

ஜூலை 23, ஞாயிறு

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்றை மனுவோடு இணைத்தால் கனம் கூடும் என்று திரவியம் சொன்னார். அதற்காக.

ஒற்றை அறை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள், தடுத்தேன். வாங்கிப்போன ஆப்பிளைக் கொடுத்தேன். "எம்மா, நீங்களா! இருங்க, ஃபேனப் போடுதேன்" என்று பக்கத்திலிருந்த அகப்பைக் காம்பால் சுவிட்சைத் தட்டினாள். டாக்டர் வீட்டில் வேறு ஆளை வைத்துவிட்டார்களாம். நடக்க முடிந்தால் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்களாம். "நடக்கலாம்னு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு. கம்பு வச்சு. ஆனா வண்டி வந்தா ஒதுங்க ஓடமுடியாதுல்லா. மேட போடுதாங்கன்னு கேள்விப்பட்டேன். போட்டுட்டா பைய வந்துருவேன்."

சொல்லச் சொன்னேன், எழுதினேன். நான் தந்தி எழுதி வாங்கிய காலத்தில் எப்படி எழுதுவேனோ அப்படி: சொன்னதைச் சொன்னபடி, பிறகு திரும்பப் படித்துக்காட்டி, சரியா என்று கேட்டு.

"காலைல பஸ்ஸ விட்டு எறங்கி வந்தேன். ஓரமாத்தான் வந்தேன். ஒங்க வேலி வந்துது, ரோட்டுல எறங்குனேன். நாலு எட்டு வச்சிருப்பேன், பின்னால இடிச்சிட்டான்."

எழுதி முடித்தேன். படித்துக்காட்டினேன்.

அவள் பயற்றில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "நான் வேலின்னு சொன்னேன்லா. அது எழுதலியோ?"

என் தாளில் "சாலையின் ஓரத்தில் இறங்கி நடந்தபோது" என்று இருந்தது.

"சட்டப்படி அது தேவைப்படாது" என்றேன்.

"அப்படியா. சரிம்மா. நீங்க படிச்சவங்க."

கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்கூட்டி, தன் பெயரை, நாக்கைக் கடித்துக்கொண்டு. எழுதியதை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, பேனாவை மூடித் தந்தாள்.

ஜூலை 24, திங்கள்

முப்பத்தாறு வருடத்தில் எத்தனை தந்தி. சாவுச் செய்தி, பிறப்பு, ஓடிப்போன பெண்ணுக்கு அப்பன் அனுப்பிய வசவு. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை. இலக்கணப் பிழையைக்கூடத் திருத்தியதில்லை. அனுப்புகிறவருடைய சொல் அது.

ஜூலை 26, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது. ரசீதில் வீட்டு எண் தவறு.

ஜூலை 28, வெள்ளி

வேலியை வைத்தது அவர் அல்ல. நான்.

எண்பத்தாறில் வீடு முடிந்த மாதம். போர்டிங்கில் எங்கள் மடத்து மதிலுக்கு வெளியே பூம்பாத்தி கட்டி, வெள்ளை வேலி போட்டிருப்பார்கள். அப்படி ஒன்று என் வீட்டுக்கு வேண்டும் என்று பதினைந்து வயதிலிருந்து நினைத்திருந்தேன். மத்தியாஸ் பத்திரத்தை விரித்துக் காட்டினார். "எமி, இது நம்ம இடம் இல்ல. ரோடு" என்றார். "இந்தப் பனங்காட்டில் யார் நடக்கப்போகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் சண்டை போடுகிறவர் அல்ல. ஒருநாளும் அந்தச் செடிகளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. அதுதான் அவர் போட்ட சண்டை.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கம்பு வேண்டியிருந்தது. கோயிலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வாசலை விட்டு வெளியே வந்ததும் தாருக்கு இறங்குவார். "ஓரமா வாங்க" என்று நான் கடிந்துகொள்வேன். "எங்க எமி ஓரம்?" என்று ஒருதடவை சிரித்தார். கேலி என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதரைத்தான் பதினான்காம் தேதி, தெருவில் எட்டு பேர் முன்னால், வேலிக்குக் கம்பமாக நட்டேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். கடைசி இரண்டு வரியை. ஒரு பெண் கால் முறிந்து கிடக்கும்போது செடிக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 5, சனி

சரியாக எழுதிய வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு போனேன். பேச்சித்தாய் வாசலில், சுவரைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தாள். படித்துக்காட்டினேன். "ஒங்க வேலி வந்துது, ரோட்டுல எறங்குனேன்" என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"எழுதிட்டியளா" என்றாள். அவ்வளவுதான்.

"ஏழு வருடமாக அந்த வழியில் போகிறாய்... நீ ஒருநாளும் சொல்லவில்லையே."

"என்னத்தச் சொல்ல? ஒரு தடவ சேல பட்டு ஒரு எலை விழுந்துச்சு. நீங்க வந்து நின்னு, கண்ணு எங்க இருக்குன்னு கேட்டிய. அப்பவே சொல்லிருக்கலாம். பயந்துட்டேன்."

எனக்கு அது நினைவில்லை. 

"என்மேல் கோபம் இல்லையா?"

"வராமலா இருக்கும்? ஆஸ்பத்திரில ஒங்கள ஏசாத ஏச்செல்லாம் ஏசுனேன். நர்சம்மா கூட சிரிச்சா. இப்ப கோவத்துக்கு எங்க நேரம், கால்லா வலிக்கு." சுவரை விட்டு ஒரு அடி வைத்துப் பார்த்தாள். "மன்னிப்புலாம் கேக்காதிய எம்மா. கேட்டா நான் சரின்னு சொல்லணும். வேலிய எடுங்க."

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கூட்டம். மைமூனுக்குத் தர வேண்டிய கடிதங்களில் அதுவரை ஒன்றுகூட வரவில்லை. பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரியதங்கம்தான் ஆரம்பித்தாள். "சரிவ உடைச்சுட்டா காரத் தலையிலயா தூக்கி உள்ள வைக்க?"

"ஓரடி குறைச்சு உள்பக்கம் கட்டிக்கிடலாம்மா" என்றார் திரவியம்.

"ஒமக்கென்ன வக்கீலே, நீரு தெக்கு வரிச. ஒம்ம வாசல்ல ஒரு செங்கல் அசையாது. ஊருக்கு நல்லவரு!"

எல்லோரும் சிரித்தார்கள். திரவியமும் சிரித்தார். "எமரன்சியா அம்மா வீட்டு முன்னாடி மட்டும் விட்டுட்டுப் போறதுன்னு பேசிருக்கோம்" என்றார்.

"அப்ப எனக்கும் விடுங்க" என்றாள் மரியதங்கம். நியாயம்தானே.

நான் எழுந்து என் கடிதத்தைப் படித்தேன். வேலியை என் செலவில் எடுக்கிறேன், மதில் வரை நிலம் மாநகராட்சியுடையது என்பது கட்டும்போதே எனக்குத் தெரியும், அதை வைத்தவள் நான், ஜூலை பதினான்காம் தேதி என் கணவர் மீது சொன்னது பொய். பிறகு பேச்சித்தாயின் வாக்குமூலம், அவள் சொன்னபடி.

திரவியம் பக்கத்தில் குனிந்து, "அம்மா, அந்தப் பொய்ங்கிற வரி தேவையில்ல. யாரும் கேக்கலியே. போலீஸ் கீலீஸ்னு போனா ஒங்களுக்குத்தான் தொந்தரவு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

 டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார். மரியதங்கம் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தேழு வருடம் அந்தக் கூடத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை; இன்று என்மேல் இரக்கப்பட்டார்கள். அதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

கையோடு ஆறு கடிதம் வந்தது.

விதி நான்கைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னேன். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 10, வியாழன்

கடைசிக் கடிதம் மத்தியானம் மூன்று மணிக்கு. மரியதங்கம். "எழுத்துப்பிழை இருந்தா திருத்தாதிய" என்று சொல்லிக் கொடுத்தாள். மூன்று பிழை. திருத்தவில்லை. பதினொன்றையும் மைமூனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

வேலி எடுத்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. போகவில்லை, வெளியே நின்றேன். கம்பங்களுக்கு அடியில் நான் போட்ட காங்கிரீட் ஆழம் என்று வேலைக்காரர்கள் சபித்தார்கள். "சாகுமட்டும் இருக்கணும்னு போட்டிருக்காவ" என்றான் ஒருவன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மண்ணைச் சமன்செய்து சரளை பரப்பிவிட்டார்கள். கல் பதிக்க இரண்டு வாரம் ஆகுமாம். ஆனால் இப்போதே தாராளமாக நடக்கலாம்.

யாரும் நடக்கவில்லை. நான்கு நாளாகப் பார்க்கிறேன். மரியதங்கம் வீடு வரை ஓரத்தில் வருகிறார்கள். என் மதில் தொடங்கும் இடத்தில் தாருக்கு இறங்குகிறார்கள், மதில் முடிந்ததும் ஏறுகிறார்கள். நின்று யோசிப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட.

மாலை ஐந்து மணிக்கு வெளியே போய் நின்றேன். தலையில் கீரைக்கூடையோடு ஒரு பெண் வந்தாள். என் மதில் ஓரம் வந்ததும் இறங்கினாள். பின்னால் மணல் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. கையை நீட்டி, "ஏம்மா, மேலே வா" என்று கூப்பிட்டேன். இத்தனை வருடம் செடிக்காகத் தவிர வேறு எதற்கும் இந்த வாசலிலிருந்து நான் குரல் எடுத்ததில்லை. அது அதே குரலாகத்தான் வந்தது.

அவள் திடுக்கிட்டு, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னும் ஓரடி ரோட்டுக்குள் விலகினாள்.

"நான் செடியத் தொடல எம்மா" என்றாள்.